டோடோ ஏன் கரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மார்ச் 12 காலையில் எங்கள் வீட்டு வராந்தாவில் தேசியக் கொடியைத் தலைகீழாகக் கட்டிவிட்டேன். மொரீஷியஸ் கொடியைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று புரியும். படுக்கைவாட்டில் நாலு பட்டை, நாலும் ஒரே அகலம், நடுவில் சக்கரமோ பிறையோ நட்சத்திரமோ எதுவும் கிடையாது. எது மேல், எது கீழ் என்று துணி தானாகச் சொல்லாது, நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு மேலே இருக்க வேண்டியது, பச்சை மேலே போய்விட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் காலை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார், அப்புறம் கிரியோலில் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் ஊர்ப் பேச்சுமொழி) கேட்டார்: "என்ன டீச்சர், சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டீங்களா?"

நான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். இங்கே எங்கள் வீடுகளில் பெரும்பாலும் பேச்சு கிரியோல்தான். தமிழ் கோயிலிலும் வகுப்பிலும் பெயர்களிலும் இருக்கிறது. அந்த வகுப்பில் "நம் நாட்டுச் சின்னங்கள்" என்று ஒரு பாடம் வரும், பிள்ளைகள் பட்டியலை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள், பத்து நாளில் மறந்துபோவார்கள். அவர்களுக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்லிப் பார்க்கிறேன், மொரீஷியஸைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கும் உதவும்.

முதலில் தேசியச் சின்னம் என்றால் என்ன? நாடு என்பது கண்ணால் பார்க்கிற பொருள் இல்லை. கடல் தெரியும், மலை தெரியும், வரிசையில் நிற்கிற ஜனங்கள் தெரிவார்கள், நாடு தெரியாது. அதனால் கையில் பிடிக்கிற, சுவரில் மாட்டுகிற அளவுக்குச் சின்னதாக ஒரு பொருளை எடுத்து, "இதைப் பார்த்தால் நாட்டைப் பார்த்த மாதிரி" என்று எல்லோருமாக ஒத்துக்கொள்கிறோம். இதைத் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்று சின்ன வயதிலேயே படித்தவர்கள் நாம். எனக்கு அதைவிடப் பிடித்த உதாரணம் காவல்மரம். சங்ககால அரசன் ஒவ்வொருவனுக்கும் ஒரு மரம் இருக்கும், அதைக் காவல் போட்டுக் காப்பாற்றுவார்கள், பகையரசன் படையெடுத்து வந்தால் அந்த மரத்தை வெட்டுவான், இல்லையென்றால் தன் யானையைக் கொண்டுவந்து அதில் கட்டுவான். வேம்பு என்றால் வேம்புதான், விறகாக்கினால் எல்லா வேம்பும் ஒரே மாதிரிதான் எரியும், ஆனால் அந்த ஒரு வேம்பில் யானையைக் கட்டினால் அரசனுக்கு மானம் போய்விடும். மரத்துக்குள் எதுவும் ஒளிந்திருக்கவில்லை, சுற்றியிருப்பவர்கள் ஏற்றி வைத்ததுதான் அதில் இருக்கிறது.

இது புரிந்தால் மீதி சுலபம், ஏனென்றால் எந்தச் சின்னத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்கலாம்: இதை ஏற்றி வைத்தது யார், எப்போது, அதற்குப் பிறகு ஜனங்கள் அதை என்ன செய்தார்கள்?

கொடியில் ஆரம்பிப்போம். 1968 மார்ச் 12ஆம் தேதி, போர்ட் லூயிஸில் ஷாம்ப் தெ மார்ஸ் குதிரைப் பந்தய மைதானத்தில் பிரிட்டிஷ் கொடி இறங்கி இந்தக் கொடி ஏறியது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, மேலிருந்து கீழாக இதே வரிசை. இங்கே பேச்சுவழக்கில் நாலு பட்டை என்றுதான் சொல்வார்கள், பத்திரிகைகளில் நாலு நிறக் கொடி. அரசாங்கம் சொல்கிற பொருள் இது: சிவப்பு விடுதலைக்கான போராட்டம், நீலம் நம்மைச் சுற்றியிருக்கிற இந்தியப் பெருங்கடல், மஞ்சள் சுதந்திரத்தின் புது வெளிச்சம், பச்சை வருஷம் பூராவும் பசுமையாக இருக்கிற விவசாய நிலம். பரீட்சையில் இதை எழுதினால் முழு மதிப்பெண்.

ஆனால் எல்லாக் கொடிக்கும் ஒரு அரசாணை அர்த்தம் இருந்தால் ஒரு திண்ணை அர்த்தமும் இருக்கும். இங்கே பெரியவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அந்தக் காலத்துக் கட்சிகளின் நிறங்கள்தான் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுத்திருக்கின்றன என்று. தொழிலாளர் கட்சிக்குச் சிவப்பு, சுதந்திரம் வேண்டாம் என்ற கட்சிக்கு நீலம், இப்படி. இதைச் சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு இது வெறும் வம்பாகத் தோன்றுவதில்லை, ஏனென்றால் 1967 தேர்தலில் இந்த நாட்டில் சுமார் 44 சதவீதம் பேர் சுதந்திரத்துக்கு எதிரான பக்கம் ஓட்டுப் போட்டார்கள். நூற்றில் நாற்பத்து நாலு! அவர்களும் மறுவருஷம் அதே கொடிக்குக் கீழேதான் நின்றாக வேண்டும். எவருடைய தெய்வமும் மொழியும் நடுவில் வந்து உட்காராமல், நாலு நிறமும் ஆளுக்குச் சமமாக இடம் பிடித்துக்கொண்ட ஒரு கொடி அப்படிப்பட்ட ஊருக்குப் பொருத்தம்தான் என்று நினைக்கிறேன். என்னைப் போன்றவர்கள் தலைகீழாகக் கட்டுவது அதற்கு நாம் கொடுக்கிற விலை.

மார்ச் 12 என்கிற தேதியையும் ஒரு சின்னமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1930ல் காந்தி உப்புக்காக தண்டிக்கு நடக்க ஆரம்பித்ததும் மார்ச் 12தான், அதை நினைத்தே இந்த நாளை எடுத்தார்கள் என்று சொல்வார்கள். 1992ல் நாடு குடியரசானபோதும் இதே தேதிதான். அதுவரை இங்கிலாந்து ராணிதான் நமக்கும் ராணி. அன்றைக்கு முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றவர் வீராசாமி ரிங்காடு, தமிழ் வம்சாவளிக்காரர். வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னால் கடைசி பெஞ்சு வரைக்கும் தலை நிமிரும்.

சரி, இப்போது டோடோவுக்கு வருவோம்.

நாட்டின் இலச்சினை, அதாவது பாஸ்போர்ட்டிலும் அரசாங்கக் கடிதங்களிலும் இருக்கிற அந்தக் கேடயப் படம், சுதந்திரத்துக்கு முன்னாலேயே, 1906ல் பிரிட்டிஷ்காரர்கள் கொடுத்தது. அதைக் கிட்டே வைத்துப் பாருங்கள். நடுவில் கேடயம், நாலு கட்டமாகப் பிரித்திருக்கும். மேலே இடப்பக்கம் நீலத்தில் தங்க நிறக் கப்பல், துடுப்பும் பாய்மரமும் உள்ள பழைய மாதிரி. மேலே வலப்பக்கம் மூன்று பனைவகை மரங்கள், வேரோடு பிடுங்கி வைத்த மாதிரி வேர் தெரியும்படி. கீழே ஒரு கட்டத்தில் சிவப்புச் சாவி, இன்னொன்றில் வெள்ளை நட்சத்திரம். கேடயத்தை இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்குகிறார்கள்: நமக்கு இடதுபக்கம் டோடோ, வலதுபக்கம் மான். இரண்டும் சிவப்பும் வெள்ளையுமாகப் பாதிப்பாதி நிறம். ஆளுக்கொரு கரும்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பொங்கலுக்கு வாசலில் நட்ட மாதிரி நிற்கிறார்கள். கீழே ஒரு நாடாவில் லத்தீன் வாசகம், தமிழில் சொன்னால் "இந்தியப் பெருங்கடலின் நட்சத்திரமும் சாவியும்." இந்த நாட்டின் மிக உயர்ந்த விருதின் பெயரும் இதுவேதான்.

சாவி ஏன்? ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்குப் போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போன காலத்தில், வழியில் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொள்ள, போர்க்கப்பல்களை நிறுத்திவைக்க இந்தத் தீவு ரொம்ப வசதி. இதைப் பிடித்திருப்பவன் கையில் கடல்வழியின் சாவி இருந்த மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் 1715ல் எடுத்துக்கொண்டு இதற்குப் பிரான்ஸ் தீவு என்று பெயர் வைத்தார்கள், 1810ல் பிரிட்டிஷ்காரர்கள் சண்டை போட்டுப் பிடுங்கியதும் இதற்காகத்தான். ஆனால் 1869ல் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. கப்பல்கள் குறுக்குவழியில் போக ஆரம்பித்துவிட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள், இலச்சினையில் சாவியை வரைந்தபோது பூட்டு வேறு இடத்துக்குப் போய் முப்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது! பழைய ஜமீன் வீட்டில், நெல் காலியாகிப் பல வருஷமான பின்னும் இடுப்பில் பத்தாயச் சாவியைச் சொருகிக்கொண்டே திரிகிற பாட்டி மாதிரி. சின்னங்கள் பெரும்பாலும் இருக்கிறதைக் காட்டுவதில்லை, இருந்ததைத்தான் காட்டும்.

டோடோவும் அதே கதைதான். புறா இனத்தைச் சேர்ந்த, பறக்கத் தெரியாத பெரிய பறவை, இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இருந்ததில்லை. 1598ல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கித் தங்கள் இளவரசர் மவுரிட்ஸ் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள், மொரீஷியஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவர்கள் டோடோவுக்கு வைத்த பெயருக்கு அர்த்தம் கிட்டத்தட்ட "குமட்டுகிற பறவை", கறி ருசியில்லையாம். சாப்பிட்டு அழித்ததைவிட, கப்பலில் கூடவே வந்த பன்றி, குரங்கு, எலி எல்லாம் தரையில் கிடந்த முட்டைகளைத் தின்றதும் காட்டை வெட்டியதும்தான் அதைப் பெரிதாக அடித்தது. உயிரோடு பார்த்ததாகப் பலரும் ஒத்துக்கொள்கிற கடைசிக் குறிப்பு 1662ஆம் வருஷத்தது. முதலில் பார்த்து அறுபத்து நாலு வருஷம், அவ்வளவுதான்.

எதிரே நிற்கிற மான் இந்தத் தீவுக்காரனே இல்லை. இலச்சினையின் விவரத்தில் கடமான் என்றிருக்கிறது, உண்மையில் இங்கே இருப்பது அதன் நெருங்கிய சொந்தமான ஜாவா மான். 1639ல் டச்சு ஆளுநர் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டது, இன்றைக்கும் காடுகளில் நிறைய உண்டு. கரும்பும் அதே 1639ல், அதே ஜாவாவிலிருந்து வந்ததுதான். ஆக, மண்ணின் பறவை அழிந்துபோனது, வெளியிலிருந்து வந்த மானும் கரும்பும் நிலைத்துவிட்டன, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி "இதுதான் நாடு" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். டோடோ கையில் கரும்பைக் கொடுத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்ததா இல்லையா என்று நான் ரொம்ப நாளாக யோசிக்கிறேன்.

அதைவிட எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு ஒன்று உண்டு. இலச்சினையில் கப்பல் இருக்கிறது, மரம் இருக்கிறது, கரும்பு இருக்கிறது, ஒரு மனிதன் கூட இல்லை. கரும்பு தானாக வளர்ந்து தானாக வெட்டிக்கொண்டு ஆலைக்குப் போன மாதிரி. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்கள், 1834லிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த இந்தியர்கள், அவர்களில் சென்னைத் துறைமுகம் வழியாக வந்த நம்மவர்கள், அதற்கும் நூறு வருஷம் முன்னாலேயே பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கூட்டிவந்த கொத்தனார்கள், தச்சர்கள், இவர்களில் யாருக்கும் அந்தக் கேடயத்தில் இடம் இல்லை. 1906ல் வரைந்தவர்களுக்கு இவர்கள் கண்ணில் படவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் அதை மாற்றவில்லை. மாற்றியிருக்கலாமா என்று கேட்டால் எனக்கு ஒரே பதில் இல்லை, பழகிப்போன முகத்தை யார் மாற்றுவார்கள்?

தேசிய மலருக்கு வந்தால் கொஞ்சம் மனசு லேசாகும். 1992 மார்ச் 12, குடியரசான அதே நாளில் இதை அறிவித்தார்கள். தாவரவியலில் டுரோக்கேஷியா பூட்டோனியானா, வாயில் நுழையாது. பிரெஞ்சிலும் கிரியோலிலும் இதன் பெயருக்கு நேர்ப்பொருள் காதணி. செக்கச்செவேல் என்று மணி மாதிரி கவிழ்ந்து தொங்கும், பார்த்தால் காதணி என்று பொதுவாகச் சொல்வதற்குப் பதில் ஜிமிக்கி என்றே சொல்லலாம். செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் ஒரு விசேஷம், இதன் தேனுக்கே நிறம் உண்டு, சாதாரணமாகப் பூவின் தேன் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், இதில் சிவந்திருக்கும். இந்த இனத்து மலர்களைத் தேடி பச்சைப் பல்லிகள் வரும், பல்லி தேன் குடித்து மகரந்தம் சுமப்பது தீவுகளில் நடக்கிற அதிசயம்.

ஆனால் இதை நீங்கள் ரோட்டோரத்தில் பார்க்க முடியாது. இயற்கையாக வளர்வது தென்மேற்கு மூலையில் இருக்கிற லெ மோர்ன் மலையில் மட்டும்தான். தமிழ்நாட்டுக்காரர்களிடம் செங்காந்தள் உங்கள் மாநில மலர் ஆயிற்றே, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால் முழிப்பார்கள், எங்கள் கதையும் அதுதான். என் வகுப்பில் இருபது பிள்ளைகளில் ஒருத்தி நேரில் பார்த்திருந்தாள், அவள் அப்பா மலையேறக் கூட்டிக்கொண்டு போனாராம். அந்த மலை சும்மா ஒரு மலையும் இல்லை. தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம், யுனெஸ்கோ 2008ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இலச்சினையில் ஆளைக் காணோம் என்று புலம்பினேனே, பூவைத் தேடிப்போனால் அந்த ஆட்கள் இருந்த இடத்தில் போய் நிற்கிறோம்.

தேசிய கீதத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வரிகள் கவிஞர் ஜான் ஜார்ஜ் ப்ரோஸ்பர் எழுதியது, இசை பிலிப் ஜாந்தி அமைத்தது, ரொம்பச் சின்னது, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். வீட்டில் கிரியோல் பேசி, பேப்பரை பிரெஞ்சில் படிக்கிற ஒரு ஊரில் கீதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. யாருடைய வீட்டு மொழியும் இல்லாததால் யாருக்கும் கோபம் இல்லை, கொடிக்குச் சொன்ன அதே கணக்கு.

யாரும் அறிவிக்காத சின்னங்களும் உண்டு. ரவான் என்கிற ஆட்டுத்தோல் பறையை நெருப்பில் காய்ச்சி அடித்து ஆடுகிற செகா அப்படி ஒன்று, அடிமைகளின் ஆட்டம். 2014ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இன்னொன்று தால்பூரி, கடலைப்பருப்பை வேகவைத்துப் பொடித்து உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிசு ரொட்டி, நம் பருப்புப் போளிக்கு இனிப்பில்லாத தங்கை. எல்லா இனத்து ஆட்களும் ஒரே வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்று சாப்பிடுகிற பொருள் இது ஒன்றுதான். இதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

இனி பணம். நோட்டையும் ஒரு சின்னமாகப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகப் பார்க்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையில் எடுக்கிறோம்! கொடியைவிட அதிகமாகத் தொடுகிற சின்னம் அதுதான். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், தேவநாகரி என்று மூன்று எழுத்திலும் தொகை அச்சாகியிருக்கும். இலச்சினையில் காணாமல்போன மனிதர்கள் இங்கே முகத்தோடு வருகிறார்கள். இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். நூறு ரூபாயில் ரெங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், தொழிலாளர் கட்சித் தலைவர்களில் ஒருவர், சுதந்திரத்தைப் பார்க்காமல் 1958ல் இறந்துபோனவர். பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ப எழுதின அவர் பெயரைப் பிள்ளைகள் "செனேவாசென்" என்று படிப்பார்கள், "இல்லைடா, சீனிவாசன்" என்று ஒவ்வொரு வருஷமும் நான் திருத்துவேன்.

1998 நவம்பரில் புது நோட்டு வரிசை வெளிவந்தது. அதில் மூன்று எழுத்தும் இருந்தன, எதுவும் விடுபடவில்லை, ஆனால் வரிசை மாறியிருந்தது. வழக்கமாக ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ் ஒரு படி கீழே இறங்கி, தேவநாகரி மேலே ஏறியிருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. தமிழர்கள் கொதித்துப்போனார்கள். முதலில் வந்து இறங்கியவர்கள் நாம், எங்களைக் கேட்காமல் எங்கள் இடத்தை மாற்றுவதா என்பதுதான் பேச்சு. எதிர்ப்பு பெரிதாகி, அச்சடித்து வெளியிட்ட நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1999 ஜூனில் பழைய வரிசையோடு புது நோட்டு வந்தது, ஆங்கிலம், தமிழ், தேவநாகரி.

எனக்கு இதில் இரண்டு மனசு. ஒரு வரி மேலே கீழே போனதால் யாருக்கும் ஒரு காசு குறைந்துவிடவில்லை, அந்த நோட்டைப் படிக்கத் தெரியாதவர்களும் நம்மில் நிறையப் பேர், அப்படியிருக்க இத்தனை கோபமா என்று சில நாள் தோன்றும். சில நாள் காவல்மரம் ஞாபகம் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் அந்த வரி இன்னும் அதிகம் தேவைப்பட்டிருக்கும், நாவில் இல்லாவிட்டாலும் பையில் இருக்கிறதே என்று.

அதனால் சின்னங்கள் பாடம் வரும்போது நான் இப்போதெல்லாம் படம் ஒட்டுவதில்லை. ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து முதல் பெஞ்சில் கொடுத்துவிடுவேன், கைமாறிக் கைமாறிப் போகும். இந்த வருஷம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி விரலை வைத்து, "நூ... று..." என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நோட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "மிஸ், நாட்டுச் சின்னம்னா டோடோ வேணுமே, இதுல டோடோவைக் காணோமே?"

ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடி என்றேன். பிடித்தாள். வெறும் காகிதமாக இருந்த இடத்தில் கொக்கி மூக்கோடு ஒரு தலை மெல்லத் தெரிந்தது. நோட்டை இறக்கினாள், மறைந்தது. மறுபடி தூக்கினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் "எங்க, எனக்குக் காட்டு" என்று தள்ள ஆரம்பித்துவிட்டார்கள், அன்றைக்குப் பாடம் அத்தோடு சரி.